ரொட்டி ஆணி

கிளாரிஸ் நட்டலின் வீட்டில் சாப்பாட்டு மேசை என்று ஒன்று இருந்ததே தவிர, அதில் யாரும் சாப்பிட்டதில்லை. மேசை முழுக்கச் சீட்டுகள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைத் தாள்கள். ஒவ்வொன்றிலும் இடது மூலையில் ஒரு சொல், அதன்கீழ் ஒரு தேதி, அப்புறம் அந்தச் சொல் வருகிற வாக்கியம், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம். அவளுடைய கணவர் பெர்சி, நிலக்கரி வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர், பத்தொன்பது வருடமாகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்.

"ஒரு நாளாவது மேசையில வச்சு சாப்பிட விடேன். செத்தா என்னை அதுமேலதான் கெடத்தப்போற. இப்பவே கொஞ்சம் பழகிக்கறேன்," என்பார்.

"அந்தப் பக்கம் மை காயுது. கைய வச்ச, அப்புறம் தெரியும் சேதி."

ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் எப்போது, யார் எழுத்தில் முதலில் தலைகாட்டியது என்று பார்த்துப் பதிகிற பெரிய அகராதி ஒன்று தெற்கே ஒரு நகரத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்காக நாடு முழுக்கச் சில நூறு பேர் சம்பளமில்லாமல் படித்துச் சீட்டு எழுதி அனுப்பினார்கள். பாதிரியார்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள், ஒரு கர்னல். எங்கள் தார்ன்ஷாவில் அதைச் செய்தவளோ பதிமூன்று வயதில் தறிக்கூடத்துக்குப் போனவள். ஆலை மூடியபிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு பிசைந்தவள். படிக்க ஆள் தேவை என்ற அறிவிப்பை அவள் பார்த்ததே, பொரித்த மீன் சுற்றிவந்த எண்ணெய்த் தாளில்தான். அன்று மீன் ஆறிப்போனது பற்றிப் பெர்சி இன்னமும் பேசுவார்.

கர்னலும் பாதிரிமாரும் நாவல் படித்தார்கள். கிளாரிஸ் படித்தது விதைப் பட்டியல், சங்கத் துண்டறிக்கை, தையல் இயந்திரத்தோடு வரும் கையேடு, தொப்பிக் கடை விளம்பரம். "நாவல் எழுதறவன் வார்த்தைய கடன்தான் வாங்கறான். கடை வச்சிருக்கறவன்தான் சொந்தமா வச்சிருப்பான்" என்பது அவளுடைய கட்சி. இரண்டு சொல் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடுகிற சொற்கள் என்றால் அவளுக்குப் பைத்தியம். தனித்தனியே சும்மா கிடந்த இரண்டு வார்த்தை யாரோ ஒருவர் வாயில் ஒருநாள் சேர்ந்துவிடுகிறதே, அந்த ஒருவர் யார், அந்த நாள் எது என்று தேடி மாதக்கணக்கில் அலைவாள். அவள் அனுப்பிய சீட்டு பதினோராயிரத்தைத் தாண்டியிருந்தது. ஒன்றில்கூடத் தேதி தப்பென்று திரும்பி வந்ததில்லை.

1973 இலையுதிர்காலத்தில் அகராதியின் பதிப்பாசிரியர் மிஸ் பென்ரோஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த தொகுதிக்கான சொற்பட்டியல் அது. இன்னும் பழைய சான்று கிடைத்தால் அனுப்பச் சொல்லியிருந்தார். நடுவில் ஒரு சொல்: பிரெட்-நெயில். ரொட்டி ஆணி. முதல் சான்று 1919, வடக்கே சுற்றுப்பயணம் வந்த லண்டன் எழுத்தாளர் ஒருவரின் கட்டுரை. அதன்கீழ், 'அநேகமாக இவரே உருவாக்கிய சொல்.'

கிளாரிஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் கெட்டில் கத்திக் கத்தித் தண்ணீர் வற்றிப்போனது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. தறிக்கூடத்தில் எலி அதிகம். அதனால் ஒவ்வொரு நெசவுக்காரிக்கும் தன் தறிக்குப் பக்கத்துத் தூணில் தலைக்கு மேலே ஓர் ஆணி இருக்கும். மதியச் சாப்பாட்டைக் கைக்குட்டையில் முடிந்து அதில் மாட்டுவாள். அதுதான் ரொட்டி ஆணி. ஐந்நூறு தறி ஒன்றாக ஓடும் இடத்தில் இடி விழுந்தாலும் கேட்காது என்பதால், பெண்கள் உதட்டைப் பெரிதாக அசைத்துத்தான் பேசுவார்கள். எதிரில் இருப்பவள் பார்த்தே புரிந்துகொள்வாள். ஊர்வம்பு, கல்யாணப் பேச்சு, மேஸ்திரிக்கு வசவு எல்லாம் அப்படித்தான். ரொட்டி ஆணியும் அப்படி உதட்டிலேயே வாழ்ந்த சொல். கூடத்துக்குள்ளே அது யார் காதிலும் விழுந்ததில்லை.

அந்த ஆணிக்கு ஒரு மரியாதை உண்டு. இன்னொருத்தி ஆணியில் யாரும் கை வைக்கக்கூடாது. மூட்டை ஆணியில் இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம். எந்த நெசவுக்காரியும் மூட்டையை விட்டுவிட்டு வெளியே போகமாட்டாள். ஒருத்தி செத்துப்போனால் அவளுடைய மூட்டையை இறக்குவது பக்கத்துத் தறிக்காரியின் கடமை. அதன்பிறகு ஒரு மாதம் ஆணி சும்மா இருக்கும். புதிதாக வருகிறவள் தன் சாப்பாட்டை ஜன்னலில் வைத்து எலியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

1918 நவம்பரில் விஷக்காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போனபோது கிளாரிஸுக்குப் பத்து வயது. அம்மா எடித் காலையில் தறிக்குப் போனாள், பத்து மணிக்கு மயங்கி விழுந்தாள், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. அப்பா அதற்கு இரண்டு வருடம் முன்பே போரில் போய்விட்டார். பக்கத்துத் தறி ஹன்னா வாசலில் வந்து நின்று ஒரு சிவப்புக் கைக்குட்டை மூட்டையை நீட்டினாள். "உங்கம்மாவோட ரொட்டி ஆணியில இருந்துச்சு கண்ணு. நான்தான் எறக்கினேன்." உள்ளே இரண்டு துண்டு ரொட்டி, காய்ந்த சீஸ். பிள்ளை பசியில் தின்றுவிட்டது. அதற்காக அறுபத்தைந்து வயதிலும் கிளாரிஸ் தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை.

"அந்த மனுஷன் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடியே எங்கம்மா செத்துப்போச்சு பெர்சி. இவன் கண்டுபிடிச்சானாம்! தொப்பி மாட்ட எடம் தேடியிருப்பான். எவளாவது 'அதுல மாட்டாதய்யா, அது ரொட்டி ஆணி'ன்னு சொல்லியிருப்பா."

"அதையே எழுதிப் போட்டுடேன்."

"என் ஞாபகம் சாட்சியாகாது. எழுத்துல இருக்கணும். தேதியோட இருக்கணும்."

அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தன் மாமா ஒரு சொல்லைக் கண்டுபிடித்ததாக வந்து நின்ற கசாப்புக்கடைக்காரரை, "காகிதம் எங்க?" என்று ஒரே கேள்வியில் திருப்பி அனுப்பியவள் அவள். அதன்பிறகு ஒரு வருடம் அந்த வீட்டுக்கு எலும்புள்ள கறிதான் வந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் எங்கள் ஊர் நூலகத்தில் குடியிருந்தாள் என்றே சொல்லலாம். நூலகர் டெஸ்மண்ட் காட்லோ ஒல்லியான மனிதர், எப்போதும் ஜலதோஷம். மேல்மாடியில் கிடந்த பழைய தொகுப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார். ஜனவரியில் 1897ஆம் வருடத்துக் கூட்டுறவுச் சங்கப் பஞ்சாங்கத்தின் கடைசித் தாளில் அது இருந்தது. 'நெசவுப் பெண்களுக்கு உறுதியான ரொட்டி ஆணிகள், சால்வைக் கொக்கிகள். ஹார்க்கர் இரும்புக் கடை, சிப்பாய்க்கு எதிரே.'

டெஸ்மண்ட் மூக்கைத் துடைக்கக்கூட மறந்துவிட்டார். "இருபத்திரண்டு வருஷம் மூத்தது மிஸஸ் நட்டல்! நம்ம லண்டன்காரர் அப்ப அரைக்கால் சட்டையில ஓடிட்டு இருந்திருப்பார்."

சீட்டு போனது. பிப்ரவரிக் கடைசியில் அச்சுப்படி வந்தது. ரொட்டி ஆணியின்கீழ் முதல் வரியில் 1897, தார்ன்ஷா. 'இவரே உருவாக்கிய சொல்' என்பது காணாமல் போயிருந்தது. மார்ச் பதினான்குக்குள் கடைசித் திருத்தம் இருந்தால் அனுப்பவும், அதன்பிறகு தொகுதி பூட்டப்படும் என்று மிஸ் பென்ரோஸ் எழுதியிருந்தார். உள்ளூர்ச் செய்தித்தாளில் கிளாரிஸின் படம் வந்தது. கசாப்புக்கடைக்காரர்கூட நல்ல கறி அனுப்பினார். பெர்சி மதுக்கடையில் தனக்கு வந்த இலவசக் கோப்பைகளைக் கௌரவமாக ஏற்றுக்கொண்டார்.

மார்ச் ஐந்தாம் தேதி சாயங்காலம் அச்சுப்படியைக் கடைசித் தடவை சரிபார்க்க உட்கார்ந்தாள். ஓரத்தில் மிஸ் பென்ரோஸ் பென்சிலில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'சிப்பாய் என்பது மதுக்கடை ஒன்றின் பெயர் என்று கொள்கிறோம்.'

கிளாரிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "பெர்சி, இதக் கேளேன்! நம்ம சிப்பாய மதுக்கடைன்னு நெனைச்சுட்டாங்க!"

சந்தைச் சதுக்கத்தில் தலைகுனிந்து நிற்கும் கல் சிப்பாயைத் தெரியாதவர் எங்கள் ஊரில் கிடையாது. காதலர்கள் சந்திப்பது சிப்பாயிடம். பேருந்து நிற்பது சிப்பாயிடம். பிள்ளை தொலைந்தால் முதலில் தேடுவது சிப்பாயிடம். பெர்சியும் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிமிர்ந்து பார்த்தால், மனைவியின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"சிப்பாய எப்ப வச்சாங்க பெர்சி?"

போரில் போனவர்களுக்கான நினைவுச்சின்னம் அது. வைத்தது 1922. தினம் நாலு தடவை அதைத் தாண்டிப் போகிற ஊரில் அது எப்போது வந்தது என்று யார் யோசிப்பார்கள்? மலை எப்போது வந்தது என்று யாராவது கேட்பார்களா? கிளாரிஸும் யோசிக்கவில்லை, டெஸ்மண்டும் யோசிக்கவில்லை. வேற்றூர்க்காரர் யாராவது பார்த்திருந்தால், இது என்ன சிப்பாய் என்று அன்றைக்கே கேட்டிருப்பார்.

மறுநாள் காலை நூலகம் திறக்கும்போதே வாசலில் நின்றாள். டெஸ்மண்ட் தொகுப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசித் தாள் மற்ற தாள்களைவிட வெளுப்பு. 1931இல் பழைய பஞ்சாங்கங்களை மறுபடி தைத்துக் கட்டிய பைண்டர், எங்கோ உதிர்ந்து கிடந்த ஒரு விளம்பரத் தாளை இதில் ஒட்டியிருக்கிறார். அதற்குத் தேதி கிடையாது. 1922க்குப் பிறகு என்றைக்காவது. லண்டன்காரருக்குப் பின்னால்.

டெஸ்மண்ட் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். "மிஸஸ் நட்டல், நான் ஒண்ணு சொல்லட்டுமா? வார்த்தை உங்கம்மாவுது. அது நமக்குத் தெரியும். தாள் தப்பா இருக்கலாம், விஷயம் உண்மைதானே? அவங்களே மதுக்கடைன்னு நெனைச்சுக்கிட்டாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

கிளாரிஸுக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். அந்த ஒரு வரிக்காகத்தான் பத்தொன்பது வருடம் கண் கெட்டது என்றுகூட அவளுக்கு அப்போது தோன்றியது. சிவப்புக் கைக்குட்டை கண்முன் வந்தது.

"சிப்பாய்க்குக் கீழ எங்கப்பா பேர் செதுக்கியிருக்கு டெஸ்மண்ட்," என்றாள் கடைசியில். "தொறந்து வச்ச அன்னைக்கு நான் மழையில நின்னேன். பதினாலு வயசு. அத மதுக்கடைன்னு சொல்லச் சொல்றியா என்னை?"

அன்றைய தபாலிலேயே கடிதம் போனது. சான்று தவறு, நீக்கிவிடவும், பிழை என்னுடையது. மூன்றே வரி. தபால் பெட்டியில் போட்ட கையை வெளியே எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வீட்டுக்கு வந்து அழுதாள். பெர்சிக்கு மனைவி அழுதால் கைகால் ஓடாது, வாய்தான் ஓடும். "விட்டுத்தள்ளு. உங்க தறிக்காரிங்க பேசினத எந்தத் துரை உட்கார்ந்து கேட்டு எழுதி வச்சான்? போலீஸ்காரன் புடிச்சுட்டுப் போய் விசாரிச்சாத்தான் உண்டு."

கிளாரிஸ் அழுகையை நிறுத்தினாள். "என்ன சொன்ன?"

"தப்பா எதுவும் சொல்லலையே?"

"திருப்பிச் சொல்லு!"

கேட்கும்போதே அவள் கோட்டை எடுத்துவிட்டாள். ஏழைப் பெண் சொல்வதை ஒரு துரை காதுகொடுத்துக் கேட்டு, குமாஸ்தா அப்படியே எழுதி, தேதியும் போட்டு வைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. மரண விசாரணை. 1887இல் லோயர்பேங்க் ஆலையின் தறிக்கூடக் கூரை பனிப் பாரத்தில் இடிந்து ஒன்பது பெண்கள் போனது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தேவாலயச் சுவரில் பெயர்ப் பலகையே இருக்கிறது. அந்த விசாரணைத் தாள்கள் பிரஸ்டன் ஆவணக் காப்பகத்தில் இருப்பதாக டெஸ்மண்ட் தொலைபேசியில் கேட்டுச் சொன்னார். அவர் குரலில் இன்னும் வெட்கம் இருந்தது.

மார்ச் பதினொன்று. இரண்டு பேருந்து மாறிப் போனார்கள். பெர்சியும்தான். "துணைக்கு இல்ல, சாப்பாட்டுப் பையைத் தூக்க" என்றார். நாடா கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. முப்பத்தொரு சாட்சிகள். பழைய குமாஸ்தாவின் கையெழுத்து, மழையில் நனைந்த எறும்பு வரிசை மாதிரி. முதலில் ஆலை மேலாளர், பிறகு மேஸ்திரிகள், கொத்தனார்கள். எல்லோரும் கூரை நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். மதியம் இரண்டு மணிக்கு இருபத்தெட்டாவது சாட்சிக்கு வந்தாள். அன்னிஸ் ஹோல்ட், நெசவுக்காரி, வயது பதினேழு.

'எல்லோரும் வெளியே வந்துவிட்டதாக மேலாளர் சொன்னார். செலினா ரைலி வரவில்லை என்றேன். வீட்டுக்கு ஓடியிருப்பாள் என்றார். இல்லை, அவள் மூட்டை ரொட்டி ஆணியில் இருக்கிறது, தெரிகிறது பாருங்கள் என்றேன். அதிகாரி கேட்டதற்கு: ரொட்டி ஆணி என்பது நாங்கள் சாப்பாடு மாட்டும் ஆணி. எல்லோருக்கும் ஒன்று உண்டு. நாங்கள் எப்போதும் அதை அப்படித்தான் சொல்வோம். மூட்டை இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறாள். அவர்கள் நம்பவில்லை. நான் கையால் தோண்டினேன். பிறகு அவர்களும் வந்தார்கள். செலினா மூன்றாவது தூணுக்கு அருகில் இருந்தாள்.'

தேதி 1887 பிப்ரவரி 9. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் குமாஸ்தா எழுதியிருந்தார்: அன்னிஸ் ஹோல்ட், அவள் வைத்த குறி.

கிளாரிஸ் தாளைப் பெர்சி பக்கம் நகர்த்தினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மெதுவாகப் படிக்கிறவர்.

"எழுதத் தெரியாத பொண்ணா?"

"ஆமா."

பெர்சி சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடியே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய், அதைச் சுவரிலிருந்த கோட் கொக்கியில் பத்திரமாக மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நகல் அவசரத் தபாலில் போய்ப் பதின்மூன்றாம் தேதி சேர்ந்தது. கூடவே கிளாரிஸ் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தாள். அகராதி வழக்கப்படி எழுதியவர் பெயரைத்தான் போடுவார்கள், அப்படிப் பார்த்தால் குமாஸ்தா பெயர் வரும். சொல் குமாஸ்தாவுடையது அல்ல, அவருக்கு அது என்னவென்றே தெரிந்திருக்கவில்லை. மிஸ் பென்ரோஸின் பதில் ஒரே வரி: 'சொன்னவர் பெயரையே போடுகிறோம்.'

இரண்டு வருடம் கழித்துத் தொகுதி வந்தபோது நூலகத்தில் டெஸ்மண்ட் தேநீருக்கு ஏற்பாடு செய்தார். லோயர்பேங்கில் வேலை பார்த்த கிழவிகள் ஏழு பேர் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். டெஸ்மண்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்: 1887, அன்னிஸ் ஹோல்ட். அதற்குக் கீழேதான் 1919, லண்டன்காரர். அந்தப் பக்கத்தில் மற்ற இடங்களில் எல்லாம் பிரபுக்களும் பேராயர்களும் கவிஞர்களும் இருந்தார்கள்.

கிழவிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தறிச் சத்தத்தில் ஐம்பது வருடம் நின்ற காதுகள், ஒன்றும் கேட்கவில்லை. டெஸ்மண்டின் ஜலதோஷக் குரலில் கேட்பது இன்னும் கஷ்டம்.

கிளாரிஸ் எழுந்து அவர்கள் முன்னால் போய் நின்றாள். குரலை விட்டுவிட்டு உதட்டை மட்டும் பெரிதாக அசைத்தாள். அன்னிஸ் ஹோல்ட். நெசவுக்காரி. பதினேழு வயசு. பனியில் கூரை விழுந்தது, செலினாவைக் காணோம், மேலாளர் நம்பவில்லை, மூட்டை ரொட்டி ஆணியில் இருந்தது. முன்வரிசையில் ஏழு முகமும் மாறிக்கொண்டே வந்தன. ஒருத்தி கைக்குட்டையை எடுத்தாள்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த மூத்த கிழவி, எண்பதைத் தாண்டியவள், உதட்டை அசைத்துக் கேட்டாள்: 'செலினா மூட்டைய யார் எறக்கினது?'

அது அந்தத் தாளில் இல்லை. முப்பத்தொரு சாட்சியில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை, யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. கிளாரிஸுக்கு அது தெரியும். அந்தப் பெட்டியை அவள் இரண்டு தடவை முழுசாகப் படித்திருந்தாள்.

'அன்னிஸ்தான்,' என்றாள் உதட்டால். 'வேற யாரு?'

கிழவி தலையை ஆட்டிவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டாள். பதினோராயிரம் சீட்டு எழுதியவள் தேதியும் பக்கமும் இல்லாமல் சொன்னது அந்த ஒன்றைத்தான். பக்கத்தில் நின்ற பெர்சிக்கு உதடு படிக்கத் தெரியாது, ஆனாலும் நாற்பது வருடம் கூட வாழ்ந்ததில் அந்த ஒரு வரி மட்டும் அவருக்குப் புரிந்தது. காகிதம் எங்கே என்று அவர் கேட்கவில்லை.